எழுவர் கூடிய பனிக்களம்

விளையாட்டின் விதிகள் இரு வகைப்படும். களத்தினுள் ஆடுவோரைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஒரு வகை. அக்களத்தினுள் இறங்குதற்கு உரியவர் யாவர் என்பதை வரையறுக்கும் விதிகள் மற்றொரு வகை. முதல் வகையை மீறுவோனை நடுவர் ஊதுகுழலால் நிறுத்திவிடுவார். இரண்டாம் வகை பற்றி எழும் பிணக்கோ எளிதில் தீர்வதில்லை. அது நண்பரைப் பிரிக்கும், கழகங்களைக் கலைக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏழு உயர்கல்வி நிலையங்கள் 1951ஆம் ஆண்டிற் கூடி அமைத்த பனிக்கட்டி ஹொக்கிக் கழகம் ஒன்று, ஏழே பருவங்களில் உடைந்ததும், ஓராண்டின் பின் அதே எழுவராலே மீண்டும் கட்டப்பட்டதும் இத்தகைய பிணக்கொன்றின் வரலாறாகும்.

புற்றரையில் ஆடப்படும் ஹொக்கியை நேயர்கள் நன்கு அறிவர். பனிக்கட்டி ஹொக்கி அதன் உறவினன் எனினும் இயல்பால் வேறானது. இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட உறைந்த தளம். அதனைச் சூழ்ந்து பலகைச் சுவர். ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளர் உட்பட அறுவர். அவர்தம் காலில் உருக்கு அலகு பொருத்திய சறுக்குப் பாதணிகள். பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உடைய இறப்பர் வட்டு ஒன்று பனிமீது வழுக்கியோடும். எதிராளியை உடலால் மோதித் தடுத்தலும் இங்கு விதிக்குட்பட்டதே. ஆகையால் ஆடுவோரின் வயதும், உடற்பலமும், ஆடிப்பழகிய ஆண்டுகளும் இவ்விளையாட்டிற் பெரிதும் மதிக்கப்படும். இதனை நேயர்கள் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் எழுந்த பிணக்கின் வித்து இதனுள்ளேதான் இருந்தது.

இவ்விளையாட்டின் வளர்ச்சியில் மாணவருக்கு ஆதிமுதலே பங்குண்டு. கனடாவின் மொன்றியல் நகரில், விக்டோரியா சறுக்கு மண்டபத்தில், 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் நடைபெற்ற போட்டியே கூரையின் கீழ் முறைப்படி ஆடப்பட்ட முதற் போட்டியென வரலாற்றாசிரியர் கொள்வர். அதில் ஆடியோருள் மக்கில் பல்கலைக்கழக மாணவர் சிலரும் இருந்தனர். ஈராண்டின் பின், 1877இல், அப்பல்கலைக்கழகம் தனக்கெனக் கழகம் ஒன்றை அமைத்தது. எல்லைக்குத் தெற்கே, 1898ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் பொஸ்டன் நகரத்துப் பிராங்கிளின் பூங்காவில் பிறவுண், ஹாவாட் ஆகிய இரண்டும் பொருதின. ஆறு கோல்கள் பெற்ற பிறவுண், ஒன்றேனும் பெறாத ஹாவாட்டை வென்றது. பழம்பெருமை வாய்ந்த கல்லூரிகள் அடுத்தடுத்து அமைந்திருந்த கீழைக்கரையில் இவ்விளையாட்டு விரைவிலே வேரூன்றியது. ஒருவரை ஒருவர் தேடிச் செல்வதற்குச் சில மணிநேரப் புகைவண்டிப் பயணம் போதுமாயிருந்தது.

மேற்கின் நிலை வேறு. அங்கு குளிருக்குக் குறைவில்லை. அண்டை அயலாருக்கே குறைவு. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், செப்புச் சுரங்கங்கள் நிறைந்த ஹௌட்டன் என்னும் சிற்றூரில் மிச்சிகன் தொழினுட்பக் கல்லூரி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊதியம் பெற்று ஆடும் ஹொக்கி வீரர்களைக் கண்ட ஊர் அது. அதே மாநிலத்தின் தென்பகுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலக் கல்லூரியும் இருந்தன. மினியாப்பொலிஸ் நகரில் மினசோட்டாப் பல்கலைக்கழகம்; அதற்கும் வடமேற்கே, கனடாவின் எல்லைக்கு அணித்தாக, கிராண்ட் போர்க்ஸ் நகரில் வட டக்கோட்டாப் பல்கலைக்கழகம். இவற்றினின்று வெகுதொலைவில், றொக்கி மலையடிவாரத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மைல் உயரத்தில் டென்வர் பல்கலைக்கழகமும், அதற்குத் தெற்கே கொலராடோக் கல்லூரியும் இருந்தன. கிராண்ட் போர்க்ஸிலிருந்து டென்வர் செல்வதற்குத் தரைவழியே ஏறக்குறைய 900 மைல் கடத்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே இவ்வணிகள் பல புத்துயிர் பெற்றன. வட டக்கோட்டா 1946இலும் மிச்சிகன் மாநிலக் கல்லூரி 1949இலும் ஹொக்கியை மீண்டும் தொடங்கின. டென்வர் 1949இற் புதிதாகக் களம் புகுந்தது. அதன் பனியரங்கு, போர்க்காலத்தில் ஐடகோ மாநிலத்துக் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் அணிவகுப்புக் கூடமாக நின்ற கட்டடமேயாகும். பகுதி பகுதியாகப் பெயர்த்து டென்வருக்குக் கொணரப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டது. படைவீரர் நடைபயின்ற கூடம் மாணவர் சறுக்கியாடும் மண்டபமாயிற்று.

இவ்வாறு சிதறிக் கிடந்தோரை ஒருமுகப்படுத்திய நிகழ்ச்சி 1948இல் நேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் விக் ஹெய்லிகர், நாட்டின் சிறந்த கல்லூரி அணி யாது என்பதைத் தீர்மானிக்கும் போட்டி ஒன்று வேண்டுமெனப் பிற பயிற்றுநர்களுக்கு எழுதினார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்த புறோட்மூர் விருந்தினர் மாளிகை தனது பனியரங்கை அதற்கு வழங்க முன்வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நான்கு அணிகள் அங்கு கூடின. மேற்கிலிருந்து மிச்சிகனும் கொலராடோக் கல்லூரியும், கிழக்கிலிருந்து டாட்மத்தும் பொஸ்டன் கல்லூரியும் வந்தன. இறுதியாட்டத்தில் மிச்சிகன் 8 கோல்கள் பெற்று, 4 கோல்கள் பெற்ற டாட்மத்தை வென்றது. 1957 வரை பத்து ஆண்டுகள் அவ்விழா அம்மண்டபத்திலேயே நடந்தது.

ஆண்டுதோறும் நான்கே இடங்கள். அவற்றுள் மேற்கிற்கு இரண்டே இடங்கள். அவ்விரண்டிற்கும் உரியோர் யாவர் என்பதைக் குழுவினர் சிலரின் மதிப்பீட்டுக்கு விடுவதிலும், ஆடித் தீர்மானித்தல் சிறந்ததன்றோ? இத்தேவை நிலவிய காலத்திலேயே, 1951இல், முற்கூறிய எழுவரும் சேர்ந்து ‘மத்திய மேற்குக் கல்லூரி ஹொக்கிக் கழகம்’ என்பதை நிறுவினர். 1953இல் அதன் பெயர் ‘மேலைக் கல்லூரிகளிடை ஹொக்கிக் கழகம்’ என மாற்றப்பட்டது. கொலராடோவின் மலையடிவாரத்தார் இருவரையும் உள்ளடக்கிய கழகத்திற்கு இப்பெயரே பொருத்தமானது.

கழகத்தின் முதலாவது பருவத்தில், அதாவது 1952இல் முடிவுற்ற பருவத்தில், கொலராடோக் கல்லூரி முதலிடம் பெற்றது. மறு ஆண்டில் மிச்சிகனும் மினசோட்டாவும் அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டன. 1954இல் மினசோட்டாவும், 1955இல் கொலராடோக் கல்லூரியும், 1956இல் மிச்சிகனும், 1957இல் மீண்டும் கொலராடோக் கல்லூரியும் வென்றன. தேசிய அரங்கிலும் இவர்தம் கையே ஓங்கி நின்றது. 1948 முதல் 1957 வரையான பத்துத் தேசிய வெற்றிகளுள் எட்டு மேற்கிற்கு உரியவை. அவற்றுள் ஆறினை மிச்சிகனும் இரண்டினைக் கொலராடோக் கல்லூரியும் ஈட்டின.

இவ்வெற்றிகளுக்கு உழைத்தவர் யாவர் என்று நோக்குமிடத்து, பிணக்கின் வேர் புலனாகும். மிச்சிகனின் வெற்றி அணிகளிலும், கொலராடோவின் அணிகளிலும், பின்னர் டென்வரிலும் வட டக்கோட்டாவிலும் பெரும்பங்கினர் கனடிய இளைஞரே. இதற்குத் தக்க காரணம் இருந்தது. கனடாவில் திறமைமிக்க சிறுவர் இளம் வயதிலேயே இளைஞர் கழகங்களிற் சேர்க்கப்பட்டனர். அக்கழகங்களிற் பலவற்றைத் தொழின்முறை அணிகள் தம் ஆதரவிலும் பிடியிலும் வைத்திருந்தன. ஆயின் உச்சநிலைத் தொழின்முறைக் கழகத்தில் 1942 முதல் 1967 வரை இருந்த அணிகள் ஆறே. ஆயிரக்கணக்கானோர் வாயிலில் நிற்க, உள்ளே இடம் பெற்றோர் நூற்றுச் சிலரே. இளைஞர் கழகத்தில் இருபது வயது வரை ஆடிவிட்டு, மேலே செல்ல வழியின்றி நின்ற ஒருவனுக்கு, ஆட்டத்தோடு கல்வியையும் அளிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அழைக்குமாயின் அவன் மறுப்பானா?

இதற்கு எதிராக உரத்த குரல் எழுப்பியவர் ஜோன் மரியுச்சி. மினசோட்டாவின் வடபகுதியில், மெசாபி இருப்புச் சுரங்கத் தொடரில், எவலெத் என்னும் சிற்றூரில் 1916இற் பிறந்தவர் அவர். இத்தாலியரும், பின்லாந்தரும், சிலாவிய மக்களும் சுரங்க வேலை தேடிக் குடியேறிய ஊர் அது. சில ஆயிரம் மக்களே வாழ்ந்த அவ்வூர், பொஸ்டன் தொழின்முறை அணியின் புகழ்பெற்ற கோல் காப்பாளர் பிராங் பிரிம்செக் முதலிய வீரர் பலரை ஈன்றது. மரியுச்சியும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் கற்று, பின்னர் சிக்காகோ தொழின்முறை அணியில் ஆடினார். அக்காலத்தில் அவ்வரங்கில் அமெரிக்கர் அரியர். அவருடன் ஆடியோரிற் பெரும்பாலார் கனடியரே.

1952இல் மரியுச்சி தம் பல்கலைக்கழகத்திற்குப் பயிற்றுநராகத் திரும்பினார். மினசோட்டாவில் உயர்தரப் பாடசாலைகளுக்கான மாநில ஹொக்கிப் போட்டி 1945இலேயே தொடங்கிவிட்டது. முதலாண்டில் வென்றதும் எவலெத்தே. ஆண்டுதோறும் பாடசாலைகளிலிருந்து தேர்ச்சி பெற்ற சிறுவர் வெளிவந்தனர். இவர்கள் அடுத்து எங்கே ஆடுவது? பல்கலைக்கழக அணியில் இடமில்லையாயின் அவர்தம் ஆட்டம் பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். பாடசாலையை விட்டு வந்த பையன், இளைஞர் கழகங்களிற் பல ஆண்டு அடிபட்டுத் தேறிய இருபதைக் கடந்த ஆடவனோடு ஒரே பனித்தளத்தில் மோதுதல் நீதியோ என்பது மரியுச்சியின் வினா. உடலால் மோதும் ஆட்டத்தில் இது வெறும் வாதமன்று.

மறுதரப்பாரிடமும் நியாயம் இருந்தது. டென்வரில் 1956இற் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற மறே ஆம்ஸ்ட்ரோங் கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தவர். முன்னர் றெஜைனா நகரத்து இளைஞர் அணியைப் பயிற்றியவர். தாம் அறிந்த இளைஞரை அவர் டென்வருக்கு அழைத்தார். கொலராடோவிலோ வட டக்கோட்டாவிலோ, மினசோட்டாவிற் போலப் பாடசாலைகள் நூற்றுக்கணக்கில் வீரரைத் தருவதில்லை. வட டக்கோட்டாவிலிருந்து கனடிய நகரமாகிய வின்னிபெக் 150 மைல் தொலைவுக்குள் இருக்க, அங்குள்ள மாணவனை ஏற்பது குற்றமாகுமா? பல்கலைக்கழகம் என்பது எல்லைக்கோடு பார்த்துக் கல்வி வழங்கும் நிலையமா? மேலும், குறைகூறியோரின் அணிகளிலும் கனடியர் இருந்தனர். மிச்சிகனின் வெற்றிகளே அதற்குச் சான்று. ஆகவே நாடு ஒன்றே பிணக்கின் பொருளாயிருக்கவில்லை. எத்தனை வயது வரை, எவ்வகைக் கழகத்தில் ஆடியவன் மாணவ விளையாட்டு வீரனாகக் கொள்ளத்தக்கவன் என்பதே கேள்வி. இதற்கு எழுவரும் ஒப்பிய விடை இருக்கவில்லை.

1958ஆம் ஆண்டில் இப்பிணக்கு முற்றியது. அவ்வாண்டு கழகத்தின் முதலிடத்தை டென்வரும் வட டக்கோட்டாவும் பகிர்ந்துகொண்டன. இரண்டும் தேசியப் போட்டிக்குச் சென்றன. அப்போட்டி முதன்முறையாகப் புறோட்மூரை விட்டு வேறிடத்தில் நடைபெற்றது. அவ்வேறிடம் மினியாப்பொலிஸ், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கு. மரியுச்சியின் மாணவர் பயிலும் அப்பனித்தளத்தில், அவர் யாரைக் குறைகூறினாரோ அவ்விரு அணிகளும் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றன. டென்வர் 6 கோல்களும் வட டக்கோட்டா 2 கோல்களும் பெற்றன. டென்வருக்கு அது முதலாவது தேசிய வெற்றி.

அவ்வாண்டிலேயே மினசோட்டா, மிச்சிகன், மிச்சிகன் மாநிலம், மிச்சிகன் தொழினுட்பம் ஆகிய நால்வரும் கழகத்தினின்று விலகினர். டென்வர், கொலராடோக் கல்லூரி, வட டக்கோட்டா ஆகிய மூவரும் வயது முதிர்ந்த கனடியரைத் திரட்டுகின்றனர் என்பதே அவர்தம் முறைப்பாடு. எஞ்சிய மூவரைக் கொண்டு கழகம் நடத்தல் இயலாது. ஏழு பருவங்கள் நின்ற அமைப்பு கலைந்தது.

அடுத்த பருவத்தில் மேற்கில் கழகமும் இல்லை. கழக வெற்றியாளரும் இல்லை. எனினும் ஆட்டம் நிற்கவில்லை. 1959 மார்ச்சில், நியூயோர்க் மாநிலத்து ட்ரோய் நகரில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் மேற்கைச் சேர்ந்த இருவரே சந்தித்தனர். ஒருவர், விலகிய நால்வருள் ஒருவராகிய மிச்சிகன் மாநிலம். மற்றவர், குறைகூறப்பட்ட மூவருள் ஒருவராகிய வட டக்கோட்டா. உரிய நேரம் முடிந்தும் சமநிலை நீங்காமையால் மேலதிக நேரம் ஆடினர். இறுதியில் வட டக்கோட்டா 4க்கு 3 என வென்றது. கழகத்தைக் கலைத்துவிட்டாலும், ஒருவரை ஒருவர் களத்தில் எதிர்கொள்ளாமல் இருக்க இவர்களால் இயலவில்லை.

அவ்வாண்டே அதே எழுவரும் மீண்டும் ஒன்றுகூடி ‘மேலைக் கல்லூரிகள் ஹொக்கிச் சங்கம்’ என்பதை அமைத்தனர். அதன் முதற் பருவத்தின் வெற்றியும் டென்வருக்கே உரியதாயிற்று. ஆயின் பிணக்கு அறவே தீர்ந்ததென்று கொள்ளலாகாது. ஒரே சங்கத்தில் உறுப்பினராயிருந்தும், வழமையான போட்டி நிரலில் டென்வருடன் ஆட மினசோட்டா பல காலம் இணங்கவில்லை. உறவினர் இருவர் ஒரே பந்தியில் அமர்ந்தும் முகங்கொடுத்துப் பேசாதிருத்தல் போன்றது அது.

காலம் இரு தரப்பாருக்கும் என்ன தந்தது? ஆம்ஸ்ட்ரோங்கின் டென்வர் 1958, 1960, 1961, 1968, 1969 என ஐந்து முறை தேசிய வெற்றி பெற்றது. 1966 வரை பயிற்றுநராயிருந்த மரியுச்சிக்கு ஒருமுறையேனும் அப்பேறு கிட்டவில்லை. 1953இலும் 1954இலும் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். இரண்டாவது தோல்வி மேலதிக நேரத்தில் ஒரே கோலால் நேர்ந்தது. தம் கொள்கைக்கு அவர் கொடுத்த விலை அது எனலாம். ஆயினும் அவர் வளர்த்த பயிர் வேறு வயல்களிற் கதிர் தந்தது. 1956இல் இத்தாலியின் கோட்டினாவில் நடந்த ஒலிம்பிக் விழாவில், அவர் பயிற்றிய அமெரிக்க அணி கனடாவை வென்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1960இல் ஸ்குவா பள்ளத்தாக்கில் தங்கம் வென்ற அணியின் கோல் காப்பாளர் ஜாக் மக்கார்ட்டன் அவர்தம் மாணவரே. அவரிடம் பயின்ற ஹேர்ப் புறூக்ஸ், 1974இல் மினசோட்டாவிற்கு முதலாவது தேசிய வெற்றியைத் தேடித் தந்தார். 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள், லேக் பிளாசிட்டில் சோவியத் அணியை 4க்கு 3 என வென்று உலகை வியக்கவைத்த அமெரிக்க அணியின் பயிற்றுநரும் அவரே. அவ்வணியினர் இருபதின்மருள் பன்னிருவர் மினசோட்டா மாநிலத்தவர்.

கனடாவிலிருந்து வந்தோரின் கதையும் வெறுமையாய் முடியவில்லை. றெஜைனாவிலிருந்து மிச்சிகனுக்கு வந்த றெட் பெறன்சன், 1962இல் கல்லூரி அணியிலிருந்து நேரே மொன்றியல் தொழின்முறை அணியிற் சேர்ந்து, படிப்பும் உயர்தர ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று காட்டினார். வின்னிபெக்கின் பில் மாஸ்டர்ட்டன் டென்வரின் 1961ஆம் ஆண்டு வெற்றியிற் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டவர். பின்னர் அவர் வேலை தேடிக் குடியேறிய நகர் மினியாப்பொலிஸ். 1967இற் புதிதாக அமைந்த மினசோட்டாத் தொழின்முறை அணியின் முதற் கோலை அடித்தவர் அவரே. 1968 ஜனவரியில் அவ்வணிக்காக ஆடுகையிற் பனித்தளத்தில் வீழ்ந்து தலையிற் காயமுற்று, இரு நாள்களில் மாண்டார். டென்வருக்கு வந்த கனடியரை அயலவராகக் கருதிய மினசோட்டா, அவர்களுள் ஒருவரைத் தன்னவராகக் கொண்டு துயருற்றது.

எழுவரின் சங்கம் பின்னர் விரிந்தும் சுருங்கியும் நெடுங்காலம் நின்றது. 2013இல் அதன் முதுபெரும் உறுப்பினர் பிரிந்து வேறு கழகங்களிற் சேர்ந்தனர். மினசோட்டாவும், முன்னரே விலகியிருந்த மிச்சிகனும் மிச்சிகன் மாநிலமும் ஒரு பக்கம். டென்வரும் கொலராடோக் கல்லூரியும் வட டக்கோட்டாவும் மறுபக்கம். காரணம் வேறாயினும், 1958இற் பிரிந்த கோடு ஏறத்தாழ அதே இடத்தில் மீண்டும் விழுந்தது வியப்பே. ஆடவர் போட்டிகளைப் பொறுத்தவரை அச்சங்கம் 2021இல் முடிவுற்றது. ஆயின் பழைய கேள்வி முடிவுறவில்லை. கனடாவின் மேனிலை இளைஞர் கழகங்களில் ஆடியோரை நெடுங்காலம் விலக்கி வைத்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 2025 ஆகஸ்ட் முதல் அவர்களையும் தகுதியுடையோராக ஏற்பதென 2024 நவம்பரிற் தீர்மானித்தது. உள்ளூர்ப் பாடசாலைச் சிறுவனுக்கு இனி இடம் எங்கே என்று கேட்போர் மீண்டும் தோன்றினர். கல்வியின் வாயில் அகன்றதென மகிழ்வோரும் தோன்றினர்.

மரியுச்சி 1987இற் காலமானார். அதற்கு ஈராண்டு முன்னர், 1985இல், மினசோட்டாப் பல்கலைக்கழகம் தன் பனியரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டியது. ஒரு தேசிய வெற்றியேனும் பெறாத பயிற்றுநருக்குச் செய்த சிறப்பு அது. அவர் வலியுறுத்திய நீதி ஒன்று. ஆம்ஸ்ட்ரோங் திறந்துவைத்த வாயில் மற்றொன்று. இரண்டும் இளைஞருக்கு நன்மை கருதியவையே. ஒன்றை முற்றாக ஏற்பின் மற்றது குறைவுபடும். இவ்விரண்டிற்கும் இடையே அளவு காணுதல் 1951இற் கூடிய எழுவருக்கும் அரிதாயிருந்தது. அவர்க்குப் பின் வந்தோர்க்கும் அரிதாகவே உள்ளது. எனினும், பிரிந்து ஓராண்டு கழியுமுன்னர் அவர்கள் மீண்டும் ஒரே களத்திற் கூடினர் என்பதையும் மறத்தலாகாது. பிணக்குத் தீரும்வரை ஆடமாட்டோம் என்று அவர்கள் காத்திருந்தால், அந்நெடிய குளிர்காலங்களில் அப்பனித்தளங்கள் வெறிச்சோடியே கிடந்திருக்கும்.